ஒரே வண்டியில் ஐந்து வகை மரை

என்னிடம் இருப்பது 1951இல் வெளிவந்த எம்.ஜி. டி.டி. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய திறந்த வண்டி. இங்கிலாந்தில் ஆபிங்டன் தொழிற்சாலையில் பூட்டப்பட்டு, பெரும்பாலும் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ரகம். பழைய வண்டிகளைப் புதுப்பிக்க ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றி, அப்புறம் பெயின்ட், அப்புறம் தோல் இருக்கை. போல்ட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் இந்த வண்டியோடு நான் செலவிட்ட நேரத்தில் பெரும்பகுதி போல்ட்டும் நட்டும் எந்த மரை (அவற்றில் சுற்றி ஓடும் திருகுவரி) என்று கண்டுபிடிப்பதில்தான் போயிருக்கிறது. அந்த நேரம் வீண் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. பிரிட்டிஷ் எஞ்சினியரிங்கின் நூறு வருஷக் கதை முழுக்க அந்த மரைகளில்தான் இருக்கிறது.

அடிச்சட்டமான சேஸிஸில் இருப்பது பி.எஸ்.எஃப்., அதாவது பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு ஃபைன். அங்கங்கே சில இடங்களில் பழைய விட்வொர்த். மீட்டர்கள், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் பக்கம் போனால் பி.ஏ., அதாவது பிரிட்டிஷ் அசோசியேஷன் மரை. ஆயில் குழாய் இணைப்புகளில் பி.எஸ்.பி., அதாவது பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு பைப். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் வந்தால், நம்ப முடியாத ஒன்று: மில்லிமீட்டர் மரை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டியின் எஞ்சினுக்குள் மெட்ரிக் எப்படி வந்தது என்பது தனிக்கதை. அதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனசு வராது.

முதல் உலகப்போர் சமயத்தில் பாரிஸ் ஜெர்மானியர் கையில் விழுந்துவிடுமோ என்ற அச்சம் இருந்தது. இயந்திரத் துப்பாக்கி செய்துகொண்டிருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனம் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில், காஸ்ஃபோர்டு தெருவில், இன்னொரு தொழிற்சாலையை அமைத்தது. போர் முடிந்ததும் துப்பாக்கிக்கு வேலை இல்லை. அதே நேரத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் வண்டி செய்த வில்லியம் மோரிஸுக்கு எஞ்சின் இல்லை. டெட்ராய்ட்டிலிருந்து அவருக்கு எஞ்சின் அனுப்பிக்கொண்டிருந்த கான்டினென்டல் நிறுவனம் அந்த எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டிருந்தது. மோரிஸ் அதே வடிவமைப்பை ஹாட்ச்கிஸிடம் கொடுத்துச் செய்யச் சொன்னார். ஹாட்ச்கிஸிடம் இருந்த இயந்திரங்கள் பிரெஞ்சு இயந்திரங்கள். அவை வெட்டியது மில்லிமீட்டர் மரை. எல்லாவற்றையும் மாற்றப் பெரும் பணம் வேண்டும். மரையை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆனால் வண்டி வாங்குகிறவன் கையில் இருப்பது விட்வொர்த் ஸ்பேனர். ஆகவே போல்ட்டின் தலையை மட்டும் அந்த ஸ்பேனருக்குப் பொருந்தும்படி செய்தார்கள்.

தலை பிரிட்டிஷ், உடம்பு பிரெஞ்சு. 1923இல் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே விலைக்கு வாங்கி மோரிஸ் எஞ்சின்ஸ் என்று பெயர் வைத்த பிறகும் பழக்கம் மாறவில்லை. 1939இல் எம்.ஜி. டி.பி.யில் வந்த எக்ஸ்.பி.ஏ.ஜி. எஞ்சினிலும் அதே மரை. அந்த எஞ்சின் டி.சி., டி.டி., டி.எஃப். என்று தொடர்ந்து, 1955இல் டி.எஃப். நின்றபோதுதான் எம்.ஜி.யின் அந்த வரிசை முடிந்தது. ஒரு போர்க்கால முடிவு முப்பது வருஷத்துக்கு மேல் போல்ட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. காஸ்ஃபோர்டு தெருவில் இருந்த அந்தக் கட்டடம் இன்று கோவென்ட்ரி பல்கலைக்கழகத்தின் பகுதி, பெயர் வில்லியம் மோரிஸ் கட்டடம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

இந்த எஞ்சினில் அதிகம் வரும் அளவு 8 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி (ஒரு மரையின் முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு உள்ள தூரம்). இன்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டின் இடைவெளி 1.25. அது இதில் போகாது. இன்னொரு பக்கம் 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ. பழைய போல்ட் எல்லாமே கொஞ்சம் தேய்ந்திருக்கும். அதனால் வெர்னியரை வைத்து விட்டத்தை மட்டும் அளந்தால் 8 மி.மீ.யா 5/16ஆ என்று தீர்மானிக்கவே முடியாது. ஸ்பேனரும் உதவாது, ஏனென்றால் 5/16 பி.எஸ்.எஃப். போல்ட்டின் தலையும் இந்த 8 மி.மீ. போல்ட்டின் தலையும் ஒரே ஸ்பேனருக்குத்தான் பொருந்தும். இந்த வண்டியை எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர் இங்கேதான் ஏமாந்திருக்கிறார். எஞ்சினின் டைமிங் கவர் என்ற மூடியின் பக்கம் இரண்டு துளைகளில் 5/16 யு.என்.எஃப். (பிரிட்டனும் அமெரிக்காவும் பின்னால் சேர்ந்து ஏற்ற மரை) போல்ட்டை முறுக்கி உள்ளே தள்ளியிருந்தார்கள். முதல் மூன்று நான்கு சுற்று கையாலேயே போகும். அப்புறம் இறுகும். துரு என்று நினைத்து நீளமான கைப்பிடி போட்டுச் சுற்றினால் போல்ட் உள்ளே போகத்தான் செய்யும், பழைய மரையைச் சீவி எறிந்துவிட்டு.

அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஒரு மரையை அளக்காமல் பத்து மரையை அளக்க வேண்டும். முகட்டிலிருந்து முகட்டுக்குப் பத்து இடைவெளி எண்ணி ஸ்டீல் ஸ்கேலை வைத்தால் 8x1 சரியாக 10 மி.மீ. காட்டும். 5/16 யு.என்.எஃப். 10.6 காட்டும். 5/16 பி.எஸ்.எஃப். என்றால் 11.5ஐத் தாண்டிவிடும். ஒரு மரையில் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் பத்தில் பளிச்சென்று தெரிகிறது. பிட்ச் கேஜ் (மரையில் வைத்துப் பார்க்கும் பல்வெட்டிய தகடுகள்) வாங்கியவர்கள் கூட இதைச் செய்து பார்த்துவிடுவது நல்லது. குட்டையான போல்ட்டில் பிட்ச் கேஜ் பொய் சொல்லும். அங்குலத்துக்கு 26 மரை உள்ள தகடும் 1 மி.மீ. தகடும் நாலைந்து மரைக்குள் ஒரே மாதிரி உட்காரும், ஏனென்றால் 26 மரை என்பது 0.977 மி.மீ.

சரி, இத்தனை வகை எங்கிருந்து வந்தது? தொடக்கம் ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேய எஞ்சினியர். அவருக்கு முன்னால் ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு மரை. ஒரு பட்டறையில் செய்த நட் அடுத்த தெரு போல்ட்டில் ஏறாது. லண்டனில் மாட்ஸ்லே, கிளெமென்ட் என்ற இயந்திர வல்லுநர்களிடம் வேலை பார்த்து, 1833இல் மான்செஸ்டரில் சொந்தப் பட்டறை போட்டவர் விட்வொர்த். நாடெங்கும் உள்ள பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைச் சேகரித்து, அளந்து, அவற்றின் நடுவாக ஓர் ஒழுங்கைப் பிடித்தார். 1841இல் சிவில் எஞ்சினியர்கள் கழகத்தின் முன் அதை வைத்தார். பக்கங்களுக்கு இடையே 55 டிகிரி கோணம், முகடும் பள்ளமும் வட்டமாக மழுக்கப்பட்டவை. கால் அங்குல விட்டமுள்ள போல்ட்டில் அங்குலத்துக்கு 20 மரை, 5/16க்கு 18, 3/8க்கு 16, அரை அங்குலத்துக்கு 12. எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. தன் பட்டறை மரையை ஊர்மேல் திணிக்காமல், ஊரில் ஏற்கெனவே புழங்கியதை அளந்து பார்த்து அதிலிருந்து விதியை எடுத்தார். ஊர் அதை ஏற்றுக்கொண்டதற்கு அதுவே பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

விட்வொர்த் மரை வார்ப்பிரும்புக்கும் நீராவி எஞ்சினுக்கும் அருமையானது. ஆனால் அதிர்ந்துகொண்டே ஓடும் சின்ன இயந்திரங்களில் பெரிய மரை தளர்ந்துவிடும். அதனால் 1908இல் அதே 55 டிகிரியில் நெருக்கமான மரையாக பி.எஸ்.எஃப். வந்தது. கால் அங்குல போல்ட்டுக்கு 26, 5/16க்கு 22, 3/8க்கு 20. ஐம்பதுகள் வரை பெரும்பாலான பிரிட்டிஷ் வண்டிகளின் உடம்பு இதுதான்.

இந்த இரண்டிலும் புதிதாக வருகிறவர்களைக் குழப்புவது ஸ்பேனர்மேல் உள்ள எண். 1/4 என்று பொறித்த விட்வொர்த் ஸ்பேனரின் வாயை அளந்தால் கால் அங்குலம் இருக்காது, 0.525 அங்குலம் இருக்கும். அந்த எண் போல்ட் தண்டின் விட்டத்தைச் சொல்கிறது. பி.எஸ்.எஃப். போல்ட்டுக்குத் தலை ஒரு அளவு சிறியது. அதனால் 1/4 விட்வொர்த் ஸ்பேனரே 5/16 பி.எஸ்.எஃப்.புக்கும் ஆகும், பழைய ஸ்பேனர்களில் இரண்டு எண்ணும் சேர்ந்தே இருக்கும். இரண்டாம் உலகப்போரில் இரும்பை மிச்சப்படுத்த விட்வொர்த் தலைகளையும் பி.எஸ்.எஃப். அளவுக்குக் குறைத்தார்கள். ஆக, அதே தடிமனுள்ள விட்வொர்த் போல்ட் போருக்கு முன் செய்ததென்றால் ஒரு ஸ்பேனர், பின் செய்ததென்றால் வேறு ஸ்பேனர். ஸ்பேனரை வைத்து மரையை முடிவு செய்யாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

விட்வொர்த் ஸ்பேனர் செட் இல்லாமல் இந்த வண்டிகளைத் தொடவே கூடாது. அரை அங்குல ஏ.எஃப். ஸ்பேனர் (எண் வாயின் அகலத்தையே சொல்லும் வகை) 0.525 தலையில் ஏறாது, 13 மி.மீ. ஸ்பேனரும் ஏறாது, 14 ஏறும் ஆனால் ஆடும். ஆடுகிற ஸ்பேனர் எழுபது வருஷமாகக் காத்து வந்த அறுகோணத்தின் மூலைகளை ஒரே இழுப்பில் வட்டமாக்கிவிடும். 3/8 விட்வொர்த்துக்கு 18 மி.மீ.யும் 7/16க்கு 21 மி.மீ.யும் பெரும்பாலும் ஒப்பேற்றும் என்பது உண்மை. இருந்தாலும் பழைய செட் ஒன்றைத் தேடி வாங்கிவிடுங்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் அவை இன்னும் கிடைக்கின்றன.

பி.ஏ.வை நான் தனியாகக் கொண்டாடுவேன். பிரிட்டிஷ் அசோசியேஷன் என்ற அறிவியல் சங்கம் 1884இல் கடிகாரம், தந்தி, அறிவியல் கருவி போன்றவற்றின் சின்னத் திருகுகளுக்காகப் பரிந்துரைத்த மரை. அடித்தளம் சுவிட்சர்லாந்தின் தியூரி மரை. கோணம் 47.5 டிகிரி. 0 பி.ஏ. என்பது 6 மி.மீ. விட்டம், 1 மி.மீ. இடைவெளி. அடுத்தடுத்த எண்ணுக்கு இடைவெளி முந்தையதில் 0.9 மடங்கு. 1 பி.ஏ. 0.90, 2 பி.ஏ. 0.81, 3 பி.ஏ. 0.73 என்று இறங்கிக்கொண்டே போகும். அங்குலத்தை விட்டுக் கொடுக்காத நாட்டில், முழுக்க மில்லிமீட்டரில் பிறந்த மரை ஒன்று லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரிலும் எஸ்.யு. பம்ப்பிலும் அமைதியாக வாழ்ந்திருக்கிறது. பிரிட்டிஷ் வண்டி என்றாலே எல்லாம் அங்குலம் என்று நினைப்பவர்கள் ஸ்பார்க் பிளக்கையும் பார்க்க வேண்டும். பக்கத்தில் எல்லாமே விட்வொர்த்தாக இருந்தாலும் பிளக் மட்டும் 14 மி.மீ.

நடைமுறையில் தொல்லை கொடுப்பது 2 பி.ஏ. அதன் விட்டம் 4.7 மி.மீ., இடைவெளி 0.81. 3/16 பி.எஸ்.எஃப். 4.76, இடைவெளி 0.79. பத்தாம் நம்பர் யு.என்.எஃப். 4.83, இடைவெளி அதே 0.79. மூன்றையும் ஒரே டப்பாவில் போட்டுவிட்டால் கண்ணால் பிரிக்கவே முடியாது. பிரிக்க ஒரே வழி, சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரு நல்ல நட்டைக் கையால் சுற்றிப் பார்ப்பது. விரல் நுனியால் கடைசி வரை போனால் அதுதான். மூன்றாவது சுற்றில் ஒரு தயக்கம் வந்தால் கழற்றிவிடுங்கள். நான் ஒரு பலகையில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு புது போல்ட்டையும் புது நட்டையும் வரிசையாகப் பொருத்தி, கீழே பெயர் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கேஜையும்விட அந்தப் பலகைதான் எனக்கு அதிகம் பயன்படுகிறது.

போல்ட்டுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. தெரிந்த போல்ட்டையும் தெரியாத போல்ட்டையும் பக்கவாட்டில் பல்லோடு பல் கோத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். இடைவெளி மாறினால் ஒரு முனையில் வெளிச்சம் கசியும். இடைவெளி ஒன்றாக இருந்து கோணம் மாறினால் எல்லா மரையிலும் ஒரே மாதிரி மெல்லிய கோடாக வெளிச்சம் தெரியும். கால் அங்குல விட்வொர்த்தையும் கால் அங்குல யு.என்.சி.யையும் (யு.என்.எஃப்.பின் அகலமான மரை வகை) பிரிக்க இதுதான் வழி. இரண்டுக்கும் 20 மரை, ஒன்று 55 டிகிரி, மற்றது 60. ஒன்றுக்குள் ஒன்று முழுதாகப் போய்விடும், பிடிப்பும் இருப்பதுபோல் தோன்றும், ஆனால் பற்கள் முழுப் பக்கமாகப் பொருந்தாமல் விளிம்பில் மட்டும் தாங்கும். அரை அங்குலத்தில் இந்த ஆபத்து இல்லை. விட்வொர்த்துக்கு 12, யு.என்.சி.க்கு 13, சீக்கிரமே இறுகிவிடும். இதே கோணச் சிக்கல் மோட்டார் சைக்கிளில் வேறு வடிவத்தில் வரும். கால் அங்குல பி.எஸ்.எஃப்.புக்கும் கால் அங்குல சைக்கிள் மரைக்கும் 26தான். திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்து வைத்துக்கொள்ளலாம்.

60 டிகிரி அமெரிக்கக் கோணம். 1864இல் ஃபிலடெல்ஃபியாவில் வில்லியம் செல்லர்ஸ், விட்வொர்த்தின் வட்ட முகட்டைவிடச் செய்வதற்கு எளிதாகத் தட்டை முகட்டோடு ஒரு மரையை முன்வைத்தார். கடலின் இரு கரையிலும் இரு மரை என்பது எண்பது வருஷம் யாரையும் பெரிதாக உறுத்தவில்லை. இரண்டாம் உலகப்போரில்தான் அது வலித்தது. ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் விமான எஞ்சினை டெட்ராய்ட்டில் செய்ய பேக்கார்டு நிறுவனம் ஒப்புக்கொண்டபோது, அந்த எஞ்சினில் இருந்த பிரிட்டிஷ் மரைகளை வெட்டும் டேப்பும் டையும் அமெரிக்காவில் கிடைக்கவில்லை. அவற்றையும் பேக்கார்டே செய்துகொள்ள வேண்டியிருந்தது. மரையை மாற்றியிருந்தால் வேலை சுலபம், ஆனால் போர்முனையில் ஒரு நாட்டு எஞ்சினின் உதிரி பாகம் மற்றதில் ஏறாது. அந்தப் பாடத்தின் விளைவாக 1948 நவம்பர் 18 அன்று வாஷிங்டனில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஒரே மரைக்குக் கையெழுத்திட்டன. யு.என்.சி., யு.என்.எஃப். இரண்டும் பிறந்தது அப்படித்தான்.

ஐம்பதுகளின் வண்டிகள் அதனால்தான் இத்தனை குழப்பம். கையெழுத்தான மறுநாளே எந்தத் தொழிற்சாலையும் மாறிவிடவில்லை. புதிதாக வரைந்த எஞ்சின் யு.என்.எஃப்.பில் வரும், அதைத் தாங்கும் பழைய பாகம் பி.எஸ்.எஃப்.பில் இருக்கும், லூகாஸ் பாகங்கள் அதன் பிறகும் பி.ஏ.விலேயே தொடரும். நம் ஊரில் அம்பாசிடரைக் கழற்றிய மெக்கானிக்குகளுக்கு யு.என்.எஃப். நன்றாகவே தெரியும், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வந்த அந்த எஞ்சினில் பெரும்பாலும் அதுதான். இந்தக் காலத்து வண்டிகளில் ஓர் உதவி உண்டு. பிரிட்டனில் செய்த யு.என்.எஃப்., யு.என்.சி. போல்ட்டின் தலைமேல் வட்டமான ஒரு பள்ளம் இருக்கும், அல்லது தலையின் பக்கவாட்டில் ஒன்றையொன்று தொடும் சின்ன வட்டங்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கும். நட்டிலும் அதே வட்டங்களோ ஒரு வளையக் கோடோ இருக்கும். அழுக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் தெரியும். ஆனால் போல்ட்டில் இருக்கும் அடையாளம் அது போய் உட்கார்ந்திருக்கும் துளைக்குச் சாட்சி ஆகாது. என் வண்டியின் டைமிங் கவரில் இருந்த தப்பான போல்ட்டுகளில் அந்த வட்டங்கள் தெளிவாக இருந்தன.

பிரேக் குழாய்க்கு வந்தால் நான் யாருக்கும் சலுகை தரமாட்டேன். பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் பிரேக் இணைப்புகளில் 3/8 பி.எஸ்.எஃப். உண்டு, அதற்கு 20 மரை. பின்னால் வந்தவற்றில் 3/8 யு.என்.எஃப்., 24 மரை. இன்றைய வண்டிகளில் 10x1 மில்லிமீட்டர். 3/8 யு.என்.எஃப். ஆண் இணைப்பு (உள்ளே போகும் பகுதி) 10x1 துளைக்குள் லேசாக நுழைந்துவிடும், கொஞ்சம் இறுகவும் செய்யும். பிரேக்கை அழுத்தமாக மிதிக்கும் அந்த ஒரு தருணத்தில் பிடுங்கிக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கே கண் மதிப்பீடும் வேண்டாம், பலகையும் போதாது. வெர்னியர், பிட்ச் கேஜ், பாகத்தின் எண் மூன்றும் ஒத்துப்போனால்தான் பூட்ட வேண்டும். குழாயின் நுனி விரிப்பு வடிவமும் அந்தந்த இருக்கைக்குப் பொருந்த வேண்டும்.

பி.எஸ்.பி.யைப் பற்றி ஒரு வரி போதும். 1/4 பி.எஸ்.பி. என்றால் வெளிவிட்டம் 0.518 அங்குலம், அதாவது அரை அங்குலத்துக்கும் மேல். எண் குழாயின் உள்துளையைக் குறித்து வந்தது. அங்குலத்துக்கு 19 மரை இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், அது பி.எஸ்.பி.தான்.

துளைகளைச் சுத்தம் செய்ய டேப்பை எடுக்காதீர்கள். டேப் வெட்டுவதற்காகச் செய்தது, அழுக்கையும் வெட்டும், நல்ல இரும்பையும் வெட்டும். அதே மரையுள்ள பழைய நல்ல போல்ட் ஒன்றை எடுத்து, நீளவாக்கில் மூன்று கோடு ஹாக்ஸா பிளேடால் அறுத்து, விளிம்பை அரத்தால் நீவி, எண்ணெய் விட்டுச் சுற்றுங்கள். அழுக்கு அந்தக் கோடுகளில் சேர்ந்து வெளியே வரும், மரைக்கு ஒன்றும் ஆகாது. போல்ட் ஏறவில்லை என்றால் சுத்தம் போதவில்லை, அல்லது போல்ட் தப்பு. இரண்டில் எது என்று தெரியும்வரை ஸ்பேனர் வேண்டாம்.

மரை ஏற்கெனவே போய்விட்டது என்றால்? பெரிதாகத் துளைத்து இன்றைய 10 மி.மீ. மரை அடித்துவிடு என்று இங்கே ஒரு பட்டறையில் எனக்குச் சொன்னார்கள். செலவும் குறைவு, போல்ட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கும். நான் மறுத்துவிட்டேன். அடுத்து இந்த வண்டியைத் திறக்கப் போகிறவர் 8x1 என்று நம்பி வருவார். அவருக்கு நாம் இன்னொரு புதிர் வைக்கக் கூடாது. 8x1க்கு இன்றும் டேப் கிடைக்கிறது, துளைக்குள் புது மரையாக உட்காரும் கம்பிச் சுருள் இன்சர்ட்டும் கிடைக்கிறது. சீவப்பட்ட அந்த இரண்டு துளைகளையும் சற்றுப் பெரிதாக்கி, இன்சர்ட் போட்டு, பழைய 0.525 தலையுள்ள 8x1 போல்ட்டையே பூட்டியிருக்கிறேன். கடைசி வரை விரலால் போகிறது. வண்டியோடு வைத்திருக்கும் நோட்டில் எந்தத் துளையில் இன்சர்ட் இருக்கிறது, எத்தனை மரை ஆழம் என்று படம் வரைந்து குறித்தும் வைத்திருக்கிறேன். இனி கியர்பாக்ஸ் பக்கம் போக வேண்டும். அங்கேயும் பிரெஞ்சு மரைதான், கூடவே ஸ்பீடோமீட்டர் கேபிள் இணைப்பில் நான் இன்னும் அளக்காத ஒரு மரை இருக்கிறது.